கறள் பிடித்த பிரேக் லைனோடு தெருவில் இறங்காதீர்கள்

பனி கரைந்துவிட்டது. ரொறன்ரோவின் அஜின்கோர்ட் வீடுகளின் கராஜ்களில் கார்த்திகையிலிருந்து போர்வைக்குள் கிடந்த பழைய கார்களை இனி ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்கள். மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பழைய மேர்சிடிஸ், அறுபதுகளின் பெரிய அமெரிக்கக் கார்கள். 15 வயதைக் கடந்த வாகனத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கனடா இடம் கொடுப்பதால், ஊரில் ஓடிய அதே வகைக் காரைத் தேடிப் பிடித்துக் கப்பலில் இறக்கும் ஆசையும் நம்மவர்களுக்கு உண்டு. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அதனால்தான் இதை இப்போதே சொல்கிறேன். பற்றரியைக் கொழுவுவதற்கு முன், மெழுகு போட்டு மினுக்குவதற்கு முன், காரைத் தூக்கி ஸ்டாண்டுகளில் பத்திரமாக நிறுத்துங்கள். அடியில் படுத்து, பிரேக் லைன்களை முன்னிருந்து பின்வரை முழு நீளத்துக்கும் பாருங்கள். ஓரிடத்தில் கறள் பொருக்காக எழும்பியிருந்தாலும் அந்தக் காரை வெளியே எடுக்காதீர்கள்.

ஷெப்பர்ட் தெருவில் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வந்து திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு சுற்றில் மிட்லண்ட் சந்தி இருக்கிறது. அஜின்கோர்ட் கொலீஜியேட் பள்ளி விடும் நேரமென்றால் நடைபாதை முழுக்கப் பிள்ளைகள். ரயில் பாதைக்குக் கீழே தெரு சரிந்து இறங்குகிறது. கொஞ்சம் தெற்கே போனால் 401 நெடுஞ்சாலை. இவற்றில் எந்த இடத்தில் உங்கள் கால் வெறுமையாக அடித்தட்டைத் தொடும் என்று உங்களுக்கும் தெரியாது, எதிரே வருகிறவருக்கும் தெரியாது. அந்த மனிதர் உங்கள் காரின் அழகைக் கண்டு ஆசைப்பட்டவர் அல்லர். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர். உங்கள் பொழுதுபோக்கின் ஆபத்தில் அவரைப் பங்காளியாக்க உங்களுக்கு உரிமை இல்லை.

மிதியை அமத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். காலின் பலத்தை மிதியின் நெம்பு ஐந்து மடங்கு அளவுக்குப் பெருக்குகிறது. அது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று பாஸ்கல் கண்டுசொன்ன விதி இங்கே வேலை செய்கிறது. பயந்துபோய் முழுப் பலத்தோடு மிதிக்கும் கணத்தில் லைனுக்குள் சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தல் அழுத்தம் வந்துவிடும். ரயருக்கு நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 30 இறாத்தல்தான். அந்த 1000 இறாத்தலையும் தாங்கி நிற்பது 3/16 அங்குல வெளிவிட்டம் கொண்ட ஒரு குழாய். அதன் சுவர்த் தடிப்பு 0.7 மில்லிமீற்றர். அதில் பாதியைக் கறள் தின்றிருந்தாலும் மெதுவாக ஓட்டி மெதுவாக நிறுத்தும் நாட்களில் ஒன்றும் தெரியாது. சந்தியில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவர, உயிரைக் கொடுத்து மிதிப்பீர்களே, அந்த மிதிதான் குழாயை உடைக்கும். கறள் பிடித்த லைன் நம்மைக் கைவிடும் நேரம் எப்போதும் அதுதான். இவ்வளவு நாளும் பிரேக் பிடித்ததே என்று சொல்கிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ரொறன்ரோ மாநகரம் ஒரு குளிர்காலத்தில் தெருக்களில் கொட்டும் உப்பு ஒரு இலட்சம் தொன்னைத் தாண்டும். நான் குளிர்காலத்தில் காரைத் தொடுவதே இல்லை, அதனால் என் லைன்களுக்கு ஒன்றும் வராது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். உங்களுக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர் தை மாதத்திலும் ஓட்டியிருக்கலாம். சித்திரையில் தெரு காய்ந்தபிறகும் உப்புத் தூள் ஓரங்களில் கிடக்கிறது. முதல் மழையில் அது சில்லுகளோடு எழும்பி அடிப்பக்கம் முழுக்கப் படிகிறது. இன்னொன்று, பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் குழாய் உள்ளிருந்தும் கறள் பிடிக்கும். வெளியே மினுங்கும் லைன் உள்ளே அரிபட்டிருக்கக்கூடும். சேறு தங்கும் மூலைகள்தான் முதலில் போகும். லைனைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்குக் கீழே, பின் அச்சுக்கு மேலே, பெற்றோல் தாங்கியின் அருகே, அடித்தட்டில் பூசிய தாருக்குள்ளே. நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு எழும்பி வருவது பார்த்ததாகாது. கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள்.

பழைய காருக்கு மட்டுமான சங்கதி என்றும் இதை ஒதுக்கிவிட முடியாது. 1999 முதல் 2003 வரையான ஜெனரல் மோட்டோர்ஸ் பிக்கப் வாகனங்களிலும் எஸ்யூவிகளிலும் பிரேக் லைன் அரிப்பது பற்றி அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் விசாரித்தது. 2015 ஏப்ரலில் அந்த விசாரணையை மூடியபோது, வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி அது கட்டளையிடவில்லை. உப்புப் போடும் மாநிலங்களில் ஏழெட்டு ஆண்டுகளிலேயே லைன்கள் இப்படி அரிந்துபோகின்றன என்பது அதன் முடிவு. அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள், லைன்களைச் சோதியுங்கள், கடுமையான கறள் கண்டால் துண்டு போடாமல் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள் என்று எல்லா வாகனக்காரருக்கும் அது எச்சரிக்கை விடுத்தது. ஏழெட்டு ஆண்டுகள்! உங்கள் மைனரின் வயது அறுபது.

இனி ஒட்டுவேலைகளைப் பற்றிப் பேசுகிறேன். இங்கே மென்மையாகப் பேச எனக்கு மனமில்லை.

அரிந்துபோன துண்டை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நெருக்கு வளைய இணைப்பைப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். அந்த வளையம் குழாயின் மேற்பரப்பை நெரித்துத்தான் பிடித்திருக்கிறது. பிரேக்கின் அழுத்தத்திலும் அச்சின் அதிர்விலும் அது வழுகி வெளியே வந்துவிடும். இன்னும் சிலர் பெற்றோல் ரப்பர் குழாயை இரண்டு முனைக்கும் மாட்டி, வளையம் போட்டு முறுக்குகிறார்கள். வேறு சிலர் குளிரூட்டிக்குப் போடும் வெறும் செம்புக் குழாயை வளைத்துப் போடுகிறார்கள். அது அதிர்வில் இறுகி, இறுகி, ஒருநாள் வெடிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம், ஒழுகும் லைனை மடித்து நசுக்கி அடைத்துவிட்டு, மூன்று சில்லில் பிரேக் பிடிக்கும், வீடுவரை போகலாம் என்று சாவியைக் கையில் கொடுப்பது. பலமாக மிதித்தால் கார் ஒரு பக்கமாக இழுத்துச் சுழலும் என்பது அப்படிச் செய்கிறவருக்குத் தெரியும். தெரிந்தே செய்வதால்தான் பாவம் என்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் எதையெல்லாம் வைத்துக் கார் ஓட்டினோம் என்று இந்த இடத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். உண்மைதான். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு பெற்றோல் இல்லை. ஒரு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பிவிட்டு, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடினோம். ஒஸ்டின் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் ஒக்ஸ்ஃபோர்டுகளும் புகையைக் கக்கிக்கொண்டு நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. உதிரிப்பாகம் ஒன்றும் வராத ஊரில், இருந்ததை வைத்து அந்த வண்டிகளை ஓடவைத்த மெக்கானிக்குகளின் கைகளை நான் கும்பிடுவேன். ஆனால் அவர்கள் வேறு வழியில்லாமல் செய்ததைக் காட்டி, எல்லா வழியும் திறந்திருக்கும் ஊரில் ஒட்டுப்போடுவதற்கு நியாயம் தேடாதீர்கள். இங்கே உதிரிப்பாகக் கடைக்குப் போனால் 25 அடிச் சுருளாக நல்ல குழாய் இருக்கிறது. நட்டுகள் இருக்கின்றன, வாய் விரிக்கும் கருவி இருக்கிறது. மைனரின் லைன்களை அளவெடுத்து வளைத்து அனுப்பும் கடைகள் இங்கிலாந்தில் இருக்கின்றன. இத்தனையும் இருக்க நெருக்கு வளையத்தைப் போடுகிறவர், ஊரின் கெட்டித்தனத்தை இங்கே தொடர்கிறேன் என்று சொல்ல முடியாது. ஊரில் அப்படி ஓட்டியவர்களுக்கு ஓட்டாமல் இருந்தால் ஓர் உயிர் போகும் என்ற நிலை. நமக்கு ஓட்டாமல் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். அவ்வளவுதான்.

ஆகவே புதிதாகச் செய்யுங்கள், முழுதாகச் செய்யுங்கள். செய்யும் முறையைச் சொல்கிறேன். இதில் எந்த இடத்தில் குறுக்கு வழி தேடினாலும் அங்கேதான் ஒழுகும்.

குழாயைத் தெரிவதிலிருந்து தொடங்குவோம். இரட்டைச் சுவராகச் சுருட்டிப் பற்றவைத்த இரும்புக் குழாய் பழைய வழக்கம். பூச்சுப் போட்டதாக வாங்கினால் இன்றும் நல்லது. என் தெரிவு செப்பு நிக்கல் கலவைக் குழாய். ஏறக்குறைய 90 வீதம் செம்பு, 10 வீதம் நிக்கல். வொல்வோ எழுபதுகளிலேயே தன் கார்களில் இதைப் போடத் தொடங்கியது. உப்பு இதை எளிதில் தின்னாது, கையால் வளைக்கலாம், வாய் விரிக்கும்போது வெடிக்காது. நிறத்தைப் பார்த்து வெறும் செம்பை வாங்கிவந்து விடாதீர்கள். பிரேக் லைன் என்று தரக்குறியோடு விற்பதையே வாங்குங்கள்.

பழைய லைனைக் கழற்றும்போது துண்டு துண்டாக வெட்டி எறியாதீர்கள். பழைய சட்டையை அளவுக்கு வைத்துப் புதியதை வெட்டும் தையல்காரர் மாதிரி, அதை மேசையில் கிடத்திப் பக்கத்திலேயே புதியதை வளையுங்கள். அது போன வழியே புதியதும் போகவேண்டும். புகைக்குழாயிலிருந்து விலகி, அசையும் பாகம் எதிலும் உரசாமல், தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையத்தோடு, பழைய கிளிப் இருந்த ஒவ்வோர் இடத்திலும் கிளிப்போடு. மாஸ்டர் சிலிண்டரின் அருகே பழைய லைன் ஒரு சுருள் சுற்றியிருந்தால் அது அழகுக்கு இல்லை. எஞ்சினின் அதிர்வை அந்தச் சுருள்தான் வாங்கிக்கொள்கிறது. நேராக்கினால் சீக்கிரம் வெடிப்பு விழும்.

வெட்டுவதற்கு வாள் வேண்டாம், உருளும் வெட்டியைப் பாவியுங்கள். வெட்டிய முனையின் உட்பிசிறைச் சுரண்டி எடுத்து, காற்றடித்து ஊதுங்கள். ஒரு சின்ன உலோகத் துகள் போதும், சில்லின் சிலிண்டரில் இருக்கும் ரப்பரைக் கிழித்துவிடும். நட்டை முதலில் குழாயில் போட்டுக்கொள்ளுங்கள். வாய் விரித்தபிறகு அது ஏறாது.

வாய் விரிப்பதுதான் இந்த வேலையின் உயிர். கராஜில் பிளேர் அடிப்பது என்பார்கள். குழாயின் முனையை ஒருதரம் மட்டும் வெளியே விரித்தால் விளிம்பு மெலிந்து வெடிக்கும். முதலில் அச்சை வைத்து முனையை உள்நோக்கி மடித்து, பிறகு கூம்பால் 45 பாகையில் விரித்தால் இரண்டு படையாக உட்காரும். இதை இரட்டை விரிப்பு என்கிறார்கள். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இதற்குப் பதிலாகக் குமிழ் வடிவ முனை இருக்கும். இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பொருந்தாததை இறுக்கினால் முதலில் ஒழுகாததுபோல் காட்டும், பிறகு ஒழுகும். கழற்றிய பழைய முனையைக் கையில் வைத்து, அது அமர்ந்திருந்த குழியையும் விளக்குப் பிடித்துப் பார்த்து, அதற்கேற்றதைச் செய்யுங்கள். செய்த ஒவ்வொரு வாயையும் உருப்பெருக்கியால் சுற்றிவரப் பாருங்கள். மையம் விலகியிருந்தால் வெட்டி எறியுங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வெட்டி எறியுங்கள். முதல் நாளில் நாலைந்து வாய் வீணாகப் போகும், போகட்டும். குழாயின் விலையைப் பார்த்து ஒரு கோணல் வாயை ஏற்றுக்கொள்கிற கை, பிறகு எதையும் ஏற்றுக்கொள்ளும்.

மரையில் ஒரு பொல்லாத பொறி இருக்கிறது. பழைய பிரித்தானியக் கார்களின் நட்டுகள் பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பிந்திய கார்களில் 10 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் மரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 3/8 நட்டு 10 மில்லிமீற்றர்த் துளைக்குள் தளர்வாக நுழைந்து, நாலு மரையைப் பிடித்து, இறுகியதுபோலவே நிற்கும். பலமாக மிதிக்கும் நாளில் மரையை உரித்துக்கொண்டு வெளியே பாயும். பழைய காருக்குப் பல கைகள் பட்டிருக்கும், பாகங்கள் கலந்திருக்கும். ஒவ்வொரு நட்டையும் அதன் துளையில் விரலால் திருகிப் பாருங்கள். முழு ஆழமும் இலகுவாகவும் ஆட்டமில்லாமலும் ஓடவேண்டும். ஒழுகினால் ரேப் சுற்றி அடைக்காதீர்கள். அந்த இணைப்பில் அடைப்பது வாயும் குழியும். மரைக்கு அந்த வேலை இல்லை.

லைனை மாற்றிவிட்டு ரப்பர்க் குழாய்களை விட்டுவிடாதீர்கள். மொரிஸ் மைனரில் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. வெளியே நன்றாயிருக்கும் பழைய ரப்பர் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும்; மிதித்த அழுத்தம் திரும்பி வராமல் பிரேக் பிடித்தபடியே நின்று சூடேறும். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தட்டுக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கைக்கு எட்டாததால் அதைப் பார்க்காமலே விடுகிறவர்கள் அதிகம். இவ்வளவு தூரம் கழற்றிய பிறகு அதையும் வெளியே எடுங்கள். அதன் சுவரில் குழி விழுந்திருந்தால் புதிய லைன்களால் ஒரு பயனும் இல்லை.

பிரேக் ஒயில் புதிதாக, மூடி உடைக்காத புட்டியிலிருந்து. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 ஆக இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஒயில் கொதித்தால் ஆவிதான் மிஞ்சும், மிதி பஞ்சாகும். சிலிக்கனால் ஆன டொட் 5ஐ மற்றவற்றோடு கலக்காதீர்கள். எஞ்சின் ஒயிலையோ பவர் ஸ்டியரிங் ஒயிலையோ ஒரு சொட்டும் விடாதீர்கள். ரப்பர் எல்லாம் ஊதி அழியும். லைன்களில் தங்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்துச் சில்லில் தொடங்குங்கள். தாங்கியில் ஒயில் வற்ற விடாதீர்கள். வெளியே வந்த பழைய ஒயிலைத் தெருவோரக் கானில் ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அஜின்கோர்ட்டின் மழைநீர் ஹைலண்ட் கிறீக்குக்குப் போகிறது, அங்கிருந்து ஒன்ராறியோ வாவிக்கு. நாம் குடிக்கும் தண்ணீர் அந்த வாவியிலிருந்து வருகிறது. நகரசபையின் நச்சுக்கழிவு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பிறகு சோதனை. ஒருவர் மிதியை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அமத்திப் பிடிக்க, மற்றவர் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த கடதாசியால் ஒற்றிப் பார்க்க வேண்டும். மிதி மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் தப்புகிறது. கண்டுபிடிக்காமல் ஸ்டாண்டிலிருந்து இறக்காதீர்கள். இறக்கியபின் வெறுமையான வளவில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். ஒரு கிழமை கழித்து மறுபடியும் அடியில் படுங்கள்.

இவ்வளவு கவனம் ஏன்? அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றுக்கு நாலு சில்லுக்கும் சேர்த்து ஒரே சுற்றுத்தான். மல்கம் லோக்ஹெட் என்ற அமெரிக்கர் ஒயில் அழுத்தத்தால் பிரேக் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1921இல் டியூசன்பேர்க் கார் அதை நாலு சில்லுக்கும் போட்டு வந்தபோது, எல்லாச் சில்லும் ஒரே அளவில் பிடிக்கும் என்பது பெரிய முன்னேற்றம். ஓரிடத்தில் ஒழுகினால் எல்லாச் சில்லும் ஒரேயடியாகக் கைவிடும் என்பது அதன் மறுபக்கம். 1968இலிருந்து அமெரிக்காவில் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்றைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஒன்று போனால் மற்றது நிறுத்தும். இந்த முன்னெச்சரிக்கை தமிழருக்குப் புதிதில்லை. பாரம் ஏற்றிய வண்டியின் அடியில் உப்பு வணிகர்கள் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். வழியில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதை அறிந்த மனிதர்களின் பழக்கம் அது. உங்கள் மைனரில் அந்த மாற்று அச்சு கைப்பிரேக் ஒன்றுதான். ஒன்ராறியோச் சட்டமும் காருக்குத் தனித்தனியே இயங்கும் இரண்டு பிரேக் முறைகளைக் கேட்கிறது. கைப்பிரேக் கம்பி தளர்ந்து கிடக்க, அது சும்மா நிறுத்தி வைக்கத்தானே என்று சொல்லாதீர்கள்.

இப்போது சேஃப்டி என்று நாம் சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழ். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதில் பாதி வீண்.

ஒன்ராறியோவில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் சோதனை கிடையாது. வாகனம் கைமாறும்போதுதான் பாதுகாப்புச் சான்றிதழ். ஒரே கையில் இருபது ஆண்டு இருக்கும் பழைய காரை இருபது ஆண்டும் எந்தத் தொழிலாளியும் தூக்கிப் பார்க்காமல் இருக்கலாம், சட்டம் கேட்காது. ஆகவே கேட்க வேண்டியது உங்கள் மனச்சாட்சி. சான்றிதழ் கேட்கும் அந்த ஒரே தருணத்திலும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? தெரிந்த ஆள், சொந்தக்காரன், ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம் என்று கராஜுக்குப் போய், "அண்ணை, ஒரு சேஃப்டி அடிச்சுத் தாங்கோ" என்கிறார்கள். காரைத் தூக்காமலே கையெழுத்து விழுகிறது. அந்தக் கையெழுத்தை நம்பி வாங்குகிறவர் நேற்று வந்திறங்கிய ஒரு மாணவராக இருக்கலாம், பிள்ளையைப் பின் இருக்கையில் வைத்து ஓட்டும் தாயாக இருக்கலாம். சொந்தத்துக்குச் செய்த உதவி என்று இதைச் சொல்லாதீர்கள். முகம் தெரியாத ஒருவரின் உயிரை எடுத்து உறவினருக்குப் பரிசாகக் கொடுப்பது எந்த ஊர் உறவு?

கராஜ் நடத்தும் அண்ணைமாரே, மறுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். நகட் அவென்யூவைச் சுற்றியும் பிஞ்ச்சை ஒட்டியும் நீங்கள் கறுத்த கைகளோடு கட்டியெழுப்பிய பெயர், ஒரு கார் விற்றுப்போவதைவிடப் பெரியது. லைன் அரிந்திருக்கிறது என்றால் வாடிக்கையாளரைக் காருக்குக் கீழே அழைத்து, விளக்குப் பிடித்துக் காட்டுங்கள். கண்ணால் கண்டபிறகு பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். சம்மதிக்காதவரிடம் நெருக்கு வளையத்தைப் போட்டுக் கொடுக்காதீர்கள், அவர் எத்தனை தரம் கேட்டாலும். உங்களிடம் வேலை பழகும் பிள்ளைக்கு நேரம் கொடுங்கள். கார் வேலை இங்கே கட்டாயத் தொழில்; சான்றிதழ் பெற்றவரோ பதிவுசெய்து பழகுபவரோதான் அதைத் தொழிலாகச் செய்யலாம். பழகுபவர் செய்த ஒவ்வொரு பிளேரையும் சான்றிதழ் உள்ள கண் பார்த்திருக்க வேண்டும். அவசரப்படுத்தி, "பரவாயில்லை போடு" என்று ஒருதரம் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை இனி நாற்பது ஆண்டு அதையே செய்யும்.

கார் வைத்திருப்பவர்களே, பேரம் பேசாதீர்கள். முழு லைனும் மாற்ற ஒரு நாள் வேலை பிடிக்கும், கறள் பிடித்த நட்டுகள் முறிந்தால் இரண்டு நாளும் பிடிக்கும். அதற்குரிய கூலியைக் கேட்டால், அடுத்த தெருவில் பாதிக்குச் செய்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். பாதிக்குச் செய்கிறவர் எதைப் பாதியாக்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். குரோம் பம்பருக்கும் தோல் இருக்கைக்கும் மனமாரக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை, யாருக்கும் தெரியாத அந்த அடிக்குழாய்க்குக் கொடுங்கள்.

சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் பழைய காரை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். மண்டப வாசலில் பூமாலை சுற்றிய காரில் ஒரு பிள்ளை அமர்ந்து வருகிறாள். முன்னால் மேளம், சுற்றிவரச் சனம், காருக்கு நேரே பின்பக்கமாக நடந்தபடி படம் பிடிக்கிறவர். சின்னஞ்சிறுசுகள் சில்லோரம் ஓடுகின்றன. அந்த இடத்தில் நடை வேகத்தில் வந்தாலும் பிரேக் போனால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். வாடகைக்கு எடுக்கும் பெற்றோரே, பூ எவ்வளவு, நிறம் என்ன என்று கேட்கும்போதே பிரேக் லைன் எப்போது மாற்றியது, யார் பார்த்தது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரின் காரில் உங்கள் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

தம்பி, தங்கச்சி, உங்கள் அப்பாவின் காரை நீங்களே திருத்த ஆசைப்படுகிறீர்கள். நல்ல ஆசை. காணொளி பார்த்துப் பழகுங்கள், குழாய்த் துண்டுகளில் ஐம்பது வாய் விரித்துப் பாருங்கள். ஆனால் முதல் காரின் பிரேக்கைத் தெருவுக்கு விடுமுன், தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வோர் இணைப்பையும் காட்டுங்கள். அவர் பிழை சொன்னால் வாதாடாமல் கழற்றுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே ஒட்டுப்போட்டு விற்றவர்களுக்கு. அந்தக் கார் இப்போது உங்கள் கராஜில் இல்லை, ஆனால் அந்த இணைப்பு எங்கே இருக்கிறது என்று உலகத்தில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். வாங்கியவரின் இலக்கம் பழைய கைத்தொலைபேசியிலோ விற்ற ரசீதிலோ இருக்கும். தேடி எடுங்கள். பின் இடது சில்லுக்கு முன்னால், அச்சுக்கு மேலே, நான் ஓர் இணைப்புப் போட்டேன், அதை மாற்றும்வரை ஓட்டாதீர்கள், மாற்றும் செலவை நான் தருகிறேன் என்று சொல்லுங்கள். அவர் ஏசினால் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெயில் என்கிறார்கள். அவர் காரை வெளியே எடுப்பார். இன்றிரவே எடுத்துச் சொல்லுங்கள்.